கடைசி அலசல்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறைக் குறித்து வைக்க வேண்டும். அமிலமா காரமா என்று அறிய அம்மாவின் கையில் ஒட்டிப் பார்க்கும் பி.எச். தாளை ஆறு நாளும் குழாய்த் தண்ணீரில் நனைத்துத்தான் ஒட்டினேன். அந்தத் தண்ணீரை மட்டும் தனியாக அளந்து பார்க்கவில்லை. இன்று அளந்தேன். எட்டு. ஆறு நாளாக நான் அம்மாவின் கைக்கு எழுதி வைத்ததும் எட்டு. ஆகவே அது அம்மாவின் தோலுடைய எண்ணா, தண்ணீருடைய எண்ணா என்று எனக்குத் தெரியாது. ஆறு நாளின் வரிகளையும் அளவுகோல் வைத்து அடித்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எழுதி முடித்த பிறகு மகள் நோட்டில் 'சிறு' என்ற சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அடித்துவிடலாமா என்று தோன்றியது. ஒரே பக்கத்தில் எத்தனை அடித்தல்தான் தாங்கும் என்று விட்டுவிட்டாள்.

பகலெல்லாம் அவளுக்கு ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. வாரத்தில் நான்கு மாலை ஆய்வக உதவியாளர் வகுப்பு. அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: தினமும் நோட்டில் எழுது, செய்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அவளுக்கு அதுதான் பெரும்பாடு. செய்தது எது நினைத்தது எது என்று பிரிப்பதற்குள் பேருந்து வந்துவிடும். எதையும் இரண்டு தடவை அளந்து மூன்றாவது தடவை சந்தேகப்படுகிற அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அம்மா அவளுக்கு 'அளவுகோல்' என்று பட்டம் வைத்திருந்தாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அளவுகோலுக்கு அளக்கத் தோன்றாமல் போயிற்று.

தோன்ற வைத்தவர் பக்கத்து பெஞ்சில் உட்காரும் கண்டக்டர். பகலில் பேருந்தில் நின்று கால் வீங்கி, மாலையில் வகுப்புக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். திங்கள்கிழமை மாலை அவள் நோட்டில் வரிசையாக எட்டு எட்டாக இருப்பதை எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒரே நம்பர் பஸ்ஸாவே வருது?"

"அம்மாவோட கை, அண்ணே. காலையிலயும் எட்டு, சாயங்காலமும் எட்டு."

"எந்தத் தண்ணில நனைச்சே?"

"குழாய்த் தண்ணிலதான்."

"அந்தத் தண்ணி எத்தன?"

அவள் நோட்டைப் புரட்டினாள், தண்ணீருக்கு ஓர் எண்ணும் இல்லை. பயணி தவறான பேருந்தில் ஏறிவிட்டார் என்று தெரிந்தால் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தார் கண்டக்டர். "சரி விடு, அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கலாம்" என்றார்.

ஆனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிற காரியமாக அது இல்லை. அந்த எட்டை நம்பி அவள் அம்மாவிடம் நிறையப் பேசியிருந்தாள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. பதினெட்டு வருடம் ஆயிற்று. நோயாளிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மலைபோல் வந்து இறங்கும். ஒரு முனையில் அழுக்கு நுழைந்து மறுமுனையில் மடித்து அடுக்கிய வெள்ளையாக வெளியேற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய இயந்திரத்தின் கடைசி அலசல் அம்மாவின் பொறுப்பு. சலவைத்தூளின் காரம் துணியில் துளி தங்கினாலும் விரிப்பு மஞ்சளாகும், அதில் படுக்கிறவர்களுக்கு மேலெல்லாம் அரிக்கும். அதனால் கடைசித் தண்ணீரில் அளவாக ஓர் அமிலம் ஊற்றிக் காரத்தை முறிப்பார்கள். கேன் மேல் நீளமாக ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'கடைசி மருந்து' என்பார்கள், அவ்வளவுதான்.

போதுமா போதாதா என்று பார்க்க இயந்திரத்தில் அளவு காட்டும் ஒரு முள் உண்டு. அம்மாவுக்கு முள்ளின் மேல் நம்பிக்கை கிடையாது. கையுறையைக் கழற்றிவிட்டு, ஈர விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். வழுக்கினால் காரம் இருக்கிறது. துணி விரலைப் பிடித்தால் சரி. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அப்படிப் பார்ப்பாள். பதினெட்டு வருடத்தில் மஞ்சள் விரிப்பு என்று ஒரு புகார் வந்ததில்லை. வந்தது கைக்குத்தான். சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பில் அரிக்கும் எக்ஸிமா உடம்பு அவளுக்கு. அது மெல்ல இறங்கி விரல்களுக்கு வந்துவிட்டது. முதலில் வறண்டது, பிறகு செதில் செதிலாக உரிந்தது, பிறகு வெடித்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் சலவைக்கூடத்து நர்ஸ் அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்தார். வெடித்த தோலோடு சுத்தமான விரிப்பைத் தொடக்கூடாது, நோயாளிக்கும் ஆகாது உங்களுக்கும் ஆகாது என்றார். தோல் மருத்துவரிடம் அனுப்பினார். அதுவரை கையுறையோடு வேலை செய்யலாம் என்று ஐந்து வாரம் கெடு கொடுத்தார். மார்ச் 14, வெள்ளிக்கிழமை திரும்பப் பார்ப்பேன், சரியாக மருந்து போட்டும் மூடவில்லையென்றால் 'ஈர வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியில்லை' என்று எழுதுவதைத் தவிர வழியில்லை என்றார். அம்மாவுக்குத் தெரிந்த வேலை எல்லாமே ஈர வேலை.

மருத்துவர் ஒரு களிம்பும் ஒரு பிசுக்கான மெழுகும் கொடுத்தார். கைக்குச் சோப்பே கூடாது என்றார். மூன்று வாரத்தில் பாதிக் கை ஆறியிருந்தது. அப்போதுதான் வகுப்பில் பி.எச். பாடம் வந்தது.

அன்றைக்குப் பாடம் கேட்டுவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் அம்மா நின்றபடியே சோறு தின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அம்மா சாயங்காலங்களில் நின்றுகொண்டுதான் தின்பாள்.

"அம்மா, தோல் கொஞ்சம் புளிப்பா இருக்கணுமாம்."

"எதுக்கு, ஊறுகாய் போடவா?"

"கேளும்மா. தோலுக்கு மேல ஒரு சுவர் மாதிரி இருக்கு. தண்ணி வெளிய போகாம, கிருமி உள்ள வராம அதுதான் காக்குது. அந்தச் சுவருக்கு நடுவுல பூசுற கொழுப்பு இருக்கில்ல, அதச் செய்ற ஆளுங்க புளிப்பு இருந்தாத்தான் ஒழுங்கா வேலைக்கு வருவாங்க. புளிப்பு குறைஞ்சா அவங்க சோம்பிடுவாங்க. சுவர இடிக்கிற கோஷ்டி ஒண்ணு இருக்கு, அது முழிச்சிக்கும். கிருமிக்கும் கொண்டாட்டம்."

"உள்ளுக்குள்ள ஒரு கட்டட வேலையே நடக்குதுங்குற."

"ஆமா. நம்பர் குறையக் குறையப் புளிப்பு. அஞ்சு சுமாரா இருக்கணும். சோப்பு ஒன்பது, பத்து. ஒவ்வொரு தடவ சோப்புப் போடுறப்பவும் அது ஏறிடும், இறங்க மணிக்கணக்காகும். உன் மாதிரி தோல் இருக்கிறவங்களுக்கு அது சும்மாவே ஏறித்தான் இருக்குமாம். அங்க காரத் தண்ணியில வேற நீ கைய விடுற."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ துணிக்குச் செய்றோமே, காரத்த முறிக்க. அந்த மாதிரியா?"

"அதேதான்!" என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு ஒரு பாடம் ஒரே வரியில் புரிந்துவிட்டதில் அவளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மறுநாள் வகுப்பில் தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, தினமும் இரு வேளை அளந்து, எட்டு எட்டாக எழுதினாள். அம்மா தினமும் கேட்பாள், இன்னிக்கு எத்தன என்று. அவளும் பரீட்சை முடிவு சொல்வதுபோலச் சொல்வாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் செவ்வாய் மாலை அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அம்மா வந்தாள், கம்பளிச் சட்டையின் பைகளில் கைகளை விட்டபடியே. களைப்பாக இருக்கிறது, பேசாதே என்றாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமையும் அம்மா பையிலிருந்து கைகளை எடுக்கவில்லை. மகள் தேநீர் வைத்துக் கொடுத்தாள். அம்மா கோப்பையை வாங்காமல் "மேசை மேல வை" என்றாள்.

"ஆறிடும்மா."

"ஆறட்டும்."

"கையக் காட்டு."

"எட்டுதான். எழுதிக்கோ."

"எழுத வேணாம். காட்டு."

அம்மா காட்டினாள். பாதி ஆறியிருந்த கைகள் அல்ல அவை. விரல் நடுவிலெல்லாம் சிவந்து வீங்கி, வெடிப்புகளின் ஓரங்கள் வெளுத்துப் போயிருந்தன. வலது உள்ளங்கையில் தோல் ஒரு ரூபாய் அளவுக்கு உரிந்து பளபளத்தது.

"என்னம்மா பண்ணினே?"

"நீ சொன்னதத்தான் பண்ணினேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"புளிப்பு வேணும்னு சொன்னேல்ல. அங்கதான் கேன் கேனா இருக்கே." அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். "சனிக்கிழமையிலருந்து தேநீர் நேரத்துல ஒரு பாத்திரத்துல தண்ணி பிடிச்சு, ரெண்டு மூடி கடைசி மருந்து ஊத்தி, கொஞ்ச நேரம் கைய வச்சேன். துணிக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா. எரிஞ்சுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

"துணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணியில ஊத்துறதும்மா அது!"

"அதுக்கேத்த மாதிரி குறைச்சுத்தான் ஊத்தினேன். குறைச்சது பத்தல போல."

"களிம்பு?"

"அத நிறுத்திட்டேன். போட்டும் எட்டு, போடாமலும் எட்டு. அப்புறம் எதுக்கு அந்தப் பிசுக்கு?"

இப்போது சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள். தண்ணீரை அளக்காததை, ஆறு நாள் எண்ணும் தண்ணீருடைய எண்ணாக இருக்கலாம் என்பதை, அடித்ததை. சொல்லச் சொல்ல அவளுடைய குரல் அவளுக்கே சின்னப் பிள்ளையின் குரல்போலக் கேட்டது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"அப்போ என் கை எட்டு இல்லையா?"

"தெரியலம்மா."

"அஞ்சா?"

"அதுவும் தெரியல. இருக்க வாய்ப்பில்ல. ஆனா தெரியல."

"உனக்கு என்னதான்டி தெரியும்?" என்று கேட்டுவிட்டு அம்மாவே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளங்கை இழுத்துக்கொண்டது போலிருக்கிறது. "சரி. வெள்ளிக்கிழமை நர்ஸ் கேட்டா அரிப்புதான் அதிகமாயிடுச்சுன்னு சொல்றேன். நீ வாயத் திறக்காத."

"ஏம்மா?"

"ஏனா? கையுறை இல்லாம கடைசி மருந்தத் தொடக்கூடாதுன்னு சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கு. தெரிஞ்சா விசில் சும்மா விடுவாரா?" மேற்பார்வையாளருக்கு அங்கே அந்தப் பெயர். எப்போதும் வாயில் ஒரு பாட்டு விசிலாக ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். "பாத்திரத்துல ஊத்திக் கைய ஊற வச்சேன்னு கேள்விப்பட்டா, கடைசி அலசல் பக்கமே என்ன விடமாட்டார். அந்த நோட்டுல எழுதியிருந்தா அந்தப் பக்கத்தையும் கிழிச்சிடு."

அவள் அன்று நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஆரம்பித்த நாளிலிருந்து விட்டுப்போன முதல் நாள் அதுதான்.

வியாழக்கிழமை காலை, அம்மா கை கழுவுவதற்கு முன்னால், அவள் முறையாக ஒரு தடவை அளந்து பார்த்தாள். வகுப்பிலிருந்து ஒரு சிறு புட்டியில் எதுவும் கலக்காத வாலைவடி நீர் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு சொட்டு, மணிக்கட்டுக்கு மேலே வெடிப்பில்லாத இடத்தில் தாள், கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம். முதலில் தன் கையில். ஐந்து. அம்மாவின் கையில் நிறம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஆறரை, விளக்குக்குக் கீழே பார்த்தால் ஏழு.

"என்ன வருது?" என்றாள் அம்மா, பார்க்காமலேயே.

"ஆறரை மாதிரி. நிச்சயமா சொல்ல முடியாது."

"எட்டுன்னு சொன்னப்ப மட்டும் நிச்சயமா இருந்தே."

வகுப்பில் அன்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினாள். "திட்டினாங்களா?" இல்லை என்று தலையாட்டினாள். "அப்போ கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போனாள். களிம்புக் குழாயையும் மருத்துவர் சீட்டையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள், அம்மாவால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. உள்ளே போனதும் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஈரத்துணியும் சலவைத்தூளும் கலந்த மணம். தள்ளுவண்டிகள் சிமெண்டுத் தரையில் கடகடத்துக்கொண்டே இருந்தன. எங்கோ விசில் கேட்டது, இன்னும் நிற்கவில்லை.

நர்ஸின் அறை ஒரு தடுப்புக்குப் பின்னால். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எடை பார்க்கும் இயந்திரம். நர்ஸுக்கும் தூக்கம் போதவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

"கைய வைங்க."

அம்மா வைத்தாள். நர்ஸ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இது. போன தடவையவிட மோசமா இருக்கே. களிம்பு போடறீங்களா?"

"போடறேன் சிஸ்டர்."

"தினமும்?"

"தினமும்."

"அஞ்சு வாரமும்?"

"ஆமா சிஸ்டர். அரிப்புதான் நிக்கல. சொறிஞ்சு சொறிஞ்சு இப்படி ஆயிடுச்சு."

நர்ஸ் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "சரியா மருந்து போட்டும் அஞ்சு வாரத்துல இப்படின்னா, இந்தக் கை இனிமே தண்ணி வேலையத் தாங்காதும்மா. வேற ஒண்ணும் எனக்கு எழுத முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பழைய நாட்காட்டி தொங்கிய ஆணியைத் தவிர. நர்ஸ் பேனா மூடியைத் திறந்து அம்மாவின் பணி எண்ணை எழுதத் தொடங்கினார்.

சொன்னால் அம்மாவுக்குக் கடைசி அலசல் போகும். சொல்லாவிட்டால் எல்லாமே போகும். கணக்கு ஒன்றும் சிக்கலானதில்லை. ஆனால் போன வாரம் இதே நிச்சயத்தோடு பேசித்தான் இவ்வளவும் நடந்தது. இப்போதும் தவறாக அளக்கிறோமோ? நர்ஸின் பேனா 'நிரந்தரமாக' என்ற கட்டத்துக்கு அருகில் வந்தது.

"சிஸ்டர், அது அரிப்பு மட்டும் இல்ல."

அம்மா திரும்பவில்லை. "சும்மா இருடி" என்றாள் மெதுவாக.

"களிம்ப ஒரு வாரமா போடல. நான் சொன்னதக் கேட்டு நிறுத்தினாங்க. தோலுக்குப் புளிப்பு வேணும்னு நான்தான் சொன்னேன். அதக் கேட்டு..." அம்மாவின் கைகளைக் காட்டினாள். "சனிக்கிழமையிலருந்து கடைசி மருந்துல கைய வச்சிருக்காங்க. அஞ்சு நாள்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "கடைசி மருந்துன்னா?"

"அமிலம் சிஸ்டர். அலசல்ல ஊத்துவாங்களே."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆணியைப் பார்த்தாள். நர்ஸ் எழுந்து கதவைத் திறந்து, "சார், அந்தக் கடைசி அலசல் கேன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார். வெளியே விசில் நின்றது.

மேற்பார்வையாளர் ஒரு காலிக் கேனோடு வந்தார். நர்ஸ் அதைத் திருப்பி, பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தார். கையில் வெளுத்திருந்த ஓரங்களை மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"இது எக்ஸிமா மட்டும் இல்ல, வெந்திருக்கு" என்றார். "அடியில எக்ஸிமா இருக்கு. அதுக்கு மேல அமிலம் சுட்டிருக்கு." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன படிக்கிறே?"

"ஆய்வக உதவியாளர். சாயங்கால வகுப்பு."

"நீ படிச்சது தப்பு இல்ல. தோல் புளிப்பாத்தான் இருக்கணும். எக்ஸிமாவுல அது குறைஞ்சுதான் போகும், சுவரும் பலவீனமாகும், எல்லாம் சரி. ஆனா அந்தப் புளிப்பத் தோல் தானே செஞ்சுக்கும்மா. சோப்பும் காரமும் போட்டு அத அழிக்காம இருக்கணும், அவ்வளவுதான் நம்ம வேலை. மேல கொண்டுபோய் ஊத்தினா, இருக்கிற சுவரும் வெந்து போகும். வீட்டுல வினிகர் வச்சுப் பாக்குறவங்களே புண்ணாக்கிட்டு வராங்க. இது அதவிடப் பல மடங்கு."

"கையுறை குடுத்திருக்கோம் சிஸ்டர்" என்றார் மேற்பார்வையாளர் கேனைப் பிடித்தபடி. "எழுதியும் ஒட்டியிருக்கோம்."

"கையுறை போட்டா வழுக்குறது தெரியாது" என்றாள் அம்மா. அன்று அவளாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அந்த முள்ளு போன வருஷமே செத்துப் போச்சு. உங்ககிட்ட மூணு தடவ சொன்னேன். நீங்க விசிலடிச்சுட்டே போயிட்டீங்க."

மேற்பார்வையாளர் கேனைக் கீழே வைத்தார். நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதத் தொடங்கியிருந்த படிவத்தை இரண்டாகக் கிழித்தார். வேறு ஒரு படிவம் எடுத்தார். நான்கு வாரம் ஈரப் பக்கம் கிடையாது. இஸ்திரி முடிந்து வரும் விரிப்புகளை எண்ணி அடுக்கும் இடத்தில், பருத்திக் கையுறையோடு, அதுவும் உரிந்த இடம் மூடிய பிறகுதான். அதுவரை ஒரு வாரம் வீட்டில். நாளைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெந்தது ஆறும் வரை பழைய களிம்பை அவரைக் கேட்காமல் போடக்கூடாது. நான்கு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன் என்று சொல்லி, எல்லாவற்றையும் கேனில் இருந்த அமிலத்தின் பெயரோடு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

"அப்புறம் கடைசி அலசல்?" என்றாள் அம்மா.

"அத அப்புறம் பாக்கலாம்மா. இப்போதைக்கு வேற ஆளு போடுவாங்க. நிரந்தரம்னு எழுதல, அத நினைச்சுக்கோங்க."

விதியை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார் மேற்பார்வையாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. முள்ளை மாற்றச் சொல்லி நர்ஸும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தார். வாசலில் அடுத்த ஆள் இருமினார்.

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நர்ஸ் கட்டுப் போட்டுவிட்ட இரண்டு கைகளையும் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, யாருடையதையோ பார்த்துக்கொள்வதுபோல வைத்திருந்தாள்.

"காட்டிக் குடுத்துட்டே" என்றாள் ஆறாவது நிறுத்தத்தில்.

"ஆமா."

"வாயத் திறக்காதன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனேன்."

"நிரந்தரம்னு எழுதப் போனாங்கம்மா."

"எழுதட்டுமேன்னு இருந்தேன். எத்தன நாள்தான் கெஞ்சிக்கிட்டு நிக்கிறது. பதினெட்டு வருஷமா நின்ன காலு." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்புறம் வீட்டுல உக்காந்து உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணுமேன்னு நினைச்சேன். அதுக்கு இஸ்திரிப் பக்கமே தேவல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் களைப்பாக இருந்தது.

"அம்மா, மன்னிச்சுடு."

"நீ சொன்னே. நான் செஞ்சேன். எரியுறப்பவே எடுத்திருக்கலாம், எனக்கும் புத்தி வேணும்ல." கொஞ்சம் விட்டு, "என் இடத்துக்கு அந்த மடிப்பு மேசைப் பொண்ணத்தான் போடுவாங்க. அது அவசரக் குடுக்கை. ரெண்டு அலசல்ல முடிச்சுட்டுப் போன் பாக்கும். பாவம், படுத்திருக்கிறவங்க முதுகெல்லாம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை அவள்தான் கழற்றினாள். சோற்றைப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டினாள். அம்மா இரண்டு வாய் வாங்கிவிட்டு, "ஸ்பூனு எத்தன மில்லின்னு அளந்தியா?" என்று கேட்டாள். இவள் பதில் சொல்வதற்குள் அம்மா நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். உட்கார்ந்தே தின்றாள் இன்று. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அவள் மெழுகு டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்தாள். குளியலறையிலும் சமையலறையிலும் இருந்த சோப்புக் கட்டிகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். பிறகு அம்மாவுக்கு நர்ஸ் சொன்னவற்றை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதி, நர்ஸ் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் வேறுபட்டது, நர்ஸின் தாளில் இருந்தபடியே திருத்தினாள்.

மார்ச் 14, வெள்ளி. புதன்கிழமை எழுதாமல் விட்டதையும், இன்று நர்ஸிடம் சொன்னதையும் முந்தின பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளைய வேலை: காலை ஏழரைக்கு அம்மாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அமிலக் கேனில் இருந்த பெயரை எழுதி எடுத்துப் போக வேண்டும். களிம்பு எப்போது மறுபடி தொடங்கலாம் என்று கேட்க வேண்டும். திரும்பும்போது பருத்திக் கையுறை இரண்டு ஜோடி, பெரிய அளவு.